அரை அங்குலம்

குழித்துறையில், ரயில்பாதைக்கு இந்தப் பக்கம்
நான் வாடகைக்கு இருப்பது
ஒரு வீடு இல்லை, ஒன்றரை வீடு.
கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகும் வழியில்
தரை அரை அங்குலம் ஏறுகிறது.
யாரும் சொல்லவில்லை.
கால் பெருவிரல் கண்டுபிடித்தது.

மேசைக் கணினியில்
நூற்று நாற்பது குள்ள விண்மீன்திரள்கள்.
கறுப்புத் துணியில் மரச்சீனி மாவு
சிந்திக் கிடப்பதுபோல ஒவ்வொன்றும்.
வேலை இதுதான்:
ஒளி எப்படி இருந்திருக்கவேண்டும் என்று
வழவழப்பாக ஒரு கணக்குப் போடு.
படத்திலிருந்து அதைக் கழி.
மிஞ்சிய அழுக்கில்
ஒரு வளையம், ஒரு வால், ஓரத்தில் ஒரு கிழிசல்
உண்டா என்று பார்.
எப்போதோ இன்னொன்றைத் தின்றிருந்தால்
அங்கேதான் தெரியும்.

பெரியவை விழுங்குவது ஊரறிந்த சங்கதி.
இரண்டு சின்னவை ஒன்றாகிப்போனால்
பத்திரமும் இராது, படமும் இராது.

நோட்டில் மூன்று பத்தி.
உண்டு. இல்லை. சந்தேகம்.
உண்டு என்பதில் ஒன்பது.
சந்தேகம் பின்னட்டைவரை போய்விட்டது.
இல்லை என்று எழுதத்தான் கை வருவதில்லை.
ஒன்றுமே நடக்கவில்லையா,
நடந்து நாளாகிக் கலங்கல் தெளிந்துவிட்டதா,
இரண்டுக்கும் ஒரே முகம்.
புதுவெள்ளம் வடிந்த ஆற்றில்
எது எந்த ஓடையின் தண்ணீர்?

எழுபத்திரண்டாவதில் ஒரு வில் தெரிந்தது,
வெட்டிப்போட்ட நகம்போல.
ராத்திரி இரண்டு மணி.
பெங்களூரில் ஷைனிக்கு அனுப்பினேன்.
உடனே பதில்:
"பிள்ளே, அது நம்ம பால்வழித் தூசியாக்கும்.
முன்னால நிக்குது,
பின்னால உள்ளதுபோலத் தோணும்."
அழித்தேன்.
தாள் அங்கே மெலிந்துபோனது.

சாயங்காலம் மழையோடு வாடகை வாங்க வந்தாள்
ரோஸ்லெட் அக்கா.
முன்னே இது இரண்டு வீடா என்று கேட்டேன்.
"யாரு சொன்னா?
எங்க மாமனார் காலத்திலேருந்து ஒரே வீடாக்கும்."
குரல் கொஞ்சம் இறுகியது.
நான் நோட்டை எண்ணிக் கொடுத்தேன்.
ஒன்று கிழிந்திருக்கிறது என்றாள். மாற்றினேன்.

கரண்ட் இல்லை, அடுக்களைப் பக்கம் இருட்டு.
கேஸ் விலையைத் திட்டிக்கொண்டே
தண்ணீர் குடிக்க உள்ளே நடந்தவள்
பேச்சை நிறுத்தாமல்,
கீழே பார்க்காமல்,
அந்த இடம் வந்ததும்
வலது காலைக்
கொஞ்சம் தூக்கி வைத்தாள்.