ஐலிஃபின் உள்ளங்கால்

இருபத்தாறு வருடமாக
ராத்திரி மணி பார்க்க எனக்கு
ஐலிஃபின் உள்ளங்கால் போதும்.

வார்தோவில் நவம்பர் முடிவதற்குள் சூரியன்
கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விடும்.
ஜனவரி இருபது வாக்கில்தான் மறுபடி தலை காட்டும்.
நடுவே
மீன் ஆலையின் சங்கு,
பள்ளிக்கூடப் பேருந்து,
ரொட்டிக்கடை பெரித் சொல்லும் காலை வணக்கம்,
இவற்றை நம்பித்தான்
பகல் என்று ஒன்றை வைத்துக்கொள்வோம்.

இரவுக்கு மட்டும் எனக்குத் தனி அத்தாட்சி.
படுத்ததும்
போர்வைக்கடியில் ஒரு பனிமீன் வந்து
என் கெண்டைக்காலில் ஒட்டும்.
திட்டுவேன்.
பத்தே முக்காலுக்கு அது சுடும்.
சுட்டால் குறட்டை.
சண்டை போட்ட நாளிலும் சுட்டது.
அவன் அம்மாவைப் புதைத்த அன்றும்
கொஞ்சம் தாமதமாக,
சுட்டது.

ட்ரோம்சோவில் தலையைத் திறந்தார்கள்.
பட்டாணியில் பாதிதான் சுரப்பி,
கட்டிதான் பெரிது,
இரண்டையும் பிரிக்க முடியவில்லை என்றார் மருத்துவர்,
தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டி.
பினியல் என்று பெயராம்.
இருட்டினால் சுரக்குமாம்.
இருட்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிழைத்தான்.
வீட்டுக்கு வந்தான், நண்டுப் படகுக்கும் திரும்பினான்.
பாதம் மட்டும் வரவில்லை.
பதினொன்றுக்கும் ஜில்.
ஒன்றரைக்கும் ஜில்.
கண்ணைத் திறந்தபடி
துறைமுகத்துக்குள் நுழையும் என்ஜின்களை
பெயர் சொல்லி எண்ணிக்கொண்டு கிடந்தான்.
நெற்றியைத் தொட்டால் இளஞ்சூடு.
அடுப்பு எரிகிறது,
கதவெல்லாம் சாத்திக் கிடக்கிறது.

வெப்பம் அளக்கும் ஒரு குளிகையை விழுங்கக் கொடுத்தார்கள்.
வயிற்றுக்குள் ஒரு குட்டி வானொலி.
மூன்றாம் நாள் அது வெளியே போன இடத்தைப் பற்றி
படகில் இன்னும் பேசிச் சிரிக்கிறார்கள்.

கோட்டுப்படத்தைத் திரையில் விரித்து யோரூன் சொன்னாள்:
பாருங்கள், ராத்திரியில் இறங்கத்தான் செய்கிறது,
பள்ளத்துக்கு ஆழம்தான் போதவில்லை.
கடிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது,
அது பழுதில்லாமல் ஓடுகிறது.
மணியடிக்கிற ஆள்தான் இல்லை.

தூங்கப் போகும் உடம்பு
தன்னைக் கொஞ்சம் ஆற வைக்குமாம்.
அரை டிகிரி, மிஞ்சினால் ஒன்று.
மெலடோனின் போய்த் தட்டினால்
விரல்நுனிக் குழாய்கள் விரியும்,
ரத்தம் சூட்டைச் சுமந்து பாதத்துக்கு இறங்கும்,
அங்கிருந்து வெளியே.
கால் சுட்டால்
உள்ளே ஆறுகிறது என்று அர்த்தம்.

அப்படியானால் இத்தனை வருடமும்
இவன் எனக்குக் கொடுத்தது
வேண்டாமென்று வெளியே தள்ளிய சூடா?

யோரூன் யோசித்தாள்.
ஆமாம் என்றாள்.
நேர்மையான பெண்.

இப்போது மாத்திரை.
ஒன்பது மணிக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்.
முதல் நாள் நான் தூங்காமல் காவல் இருந்தேன்.
பத்து இருபதுக்குக் கட்டைவிரல்.
பிறகு நடுவிரல்கள்.
குதிகால் கடைசியில், மனசில்லாமல்.
ஒருமுறை தலைவலி மாத்திரை என்று நினைத்து
நடுப்பகலில் போட்டுக்கொண்டு
நண்டுப் பெட்டிமேல் சாய்ந்து தூங்கிவிட்டான்.
அசலைப் போலவேதான் சுடுகிறது.
வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.
தேடாமலும் இருக்க முடியவில்லை.

நேற்று எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டேன்.
பதினொன்றுக்குப் பனிமீன் வந்தது.
எழுந்து விளக்கைப் போட
இருவருக்கும் சோம்பல்.
என் தலைக்குள் அந்தப் பாதிப் பட்டாணி
இன்னும் வேலை செய்கிறது.
எனக்கும் வேண்டாத சூடு கொஞ்சம் இருந்தது.
பாதத்தைத் தூக்கி
அவன் பாதத்தின்மேல் வைத்தேன்.

பன்னிரண்டு தாண்டியும் குறட்டை இல்லை.
காலை அவன் இழுத்துக்கொள்ளவும் இல்லை.
ஹுர்திக் என்றான், வெளியே ஒரு என்ஜினைக் கேட்டு.
இல்லை, அது நூர்லிஸ் என்றேன்.