தோன்றா எழுவாய்

பி.ஏ. இங்கிலீஷா, அத வச்சிக்கினு என்னா பண்ணுவே
என்று கேட்டவர்களுக்கு
இப்போது ஒரு பதில் இருக்கிறது:
ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில்
இத்தாலிக்காரனின் கோபத்துக்குப் பதில் எழுதுகிறேன்.

'தாமதத்துக்கு வருந்துகிறோம்' வேறு,
'தாமதத்தை அறிவோம்' வேறு.
முதலாவதற்கு அவன் தள்ளுபடி கேட்பான்.
இரண்டாவதற்கு
அங்கே வெயில் எப்படி என்று கேட்பான்.
எப்படி இருக்கும்?
மே மாதம், காலை ஏழரைக்கே
பாலாற்றுப் பாலத்தின் மேல் பஸ் கம்பி சுடுகிறது.

காட்பாடிப் பக்கம் எங்கள் கல்லூரி.
ரயில் போகும்போதெல்லாம்
ஃபுளோரன்ஸ் மிஸ் வாக்கியத்தை நிறுத்திவிடுவார்.
கூட்ஸ் என்றால் ஐம்பது பெட்டி.
அவ்வளவு நேரமும் ஒரு கமாவில் நின்றுகொண்டிருப்போம்,
நாற்பத்தொரு பேர்.

அதில் ரெஹானா
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், லாட்ஜ் வரவேற்பில்,
கொல்கத்தாவிலிருந்து வருகிறவர்களுக்கு
ஸ்கேன் ரிப்போர்ட்டை வாசித்துச் சொல்கிறாள்.
அவளுக்கு வங்காளி தெரியாது, அவர்களுக்குத் தமிழ்.
நடுவில் கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ், மிச்சம் கை.
பினைன் என்றால் பயமில்லாத கட்டி என்று
நெஞ்சில் கைவைத்துக் காட்டினாளாம்;
ஒருவர் லாட்ஜ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.
கோவர்த்தனன் குடியாத்தத்தில் மெட்ரிக் பள்ளி,
பதினோராயிரம், அதில் வேனுக்கு இரண்டு.
மூன்று அரியர் வைத்த தணிகைவேல்
போளூரில் செல்போன் கடை;
வாரண்டி நிபந்தனையை முழுசாகப் படித்த
ஒரே கடைக்காரன் ஜில்லாவிலேயே தான்தான் என்கிறான்.

எனக்கு வாய்த்தது செயப்பாட்டு வினை.
பரீட்சையில் பத்துக்குப் பத்து.
பூனை எலியைத் தின்றது.
எலி தின்னப்பட்டது.
பூனை போயே போச்சு.
அன்றைக்கு அது விளையாட்டு, இங்கே அதுதான் சம்பளம்.
தோல் தவறாக வெட்டப்பட்டது.
பெட்டிகள் மாற்றி அனுப்பப்பட்டன.
யாரால்?
தானாக.

போன செவ்வாய், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்,
வெட்டும் மிஷினில் அஞ்சலாட்சியின் கை.
ஆள்காட்டி விரல். நடுவிரலில் பாதி.

மறுநாள் இம்தியாஸ் சார் என் மேஜைக்கு வந்தார்.
ஆடிட் வருதும்மா, ஒரு பக்கம் போதும்,
நீதான் நீட்டா எழுதுவியே.
கெட்டவர் இல்லை. தன் காரில்தான்
அவளை வேலூருக்கு அனுப்பினார்,
சீட்டுக் கறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எழுதினேன்.
பாதுகாப்புத் தகடு அகற்றப்பட்டிருந்தது.
இரண்டு விரல்கள் பாதிக்கப்பட்டன.
இலக்கணத்தில் பிழை ஒன்றுகூட இல்லை.
அதில் அஞ்சலாட்சியும் இல்லை.
தகட்டைக் கழற்றச் சொன்ன சூப்பர்வைசர் இல்லை.
நாளைக்கு அறுநூறு ஜோடி என்று ஏற்றிவிட்ட மெயில் இல்லை.

அந்த மெயில்.
'நிச்சயமாக முடியும், மகிழ்ச்சியுடன்' என்று
நான் எழுதிய மெயில்.

தமிழில் இதற்கு ஒரு பெயர் உண்டு,
பள்ளிக்கூடத்தில் படித்தது: தோன்றா எழுவாய்.
தோன்றாதே தவிர, இருக்கும்.
வினையின் வாலில் அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும்.
'எழுதினேன்' என்றால் போதும், மாட்டிக்கொள்வேன்.
இங்கிலீஷில் அந்த வால் கிடையாது,
அதனால்தான் கம்பெனிகளுக்கு அது பிடிக்கிறதோ என்னவோ.

எல்லாவற்றையும் அழித்தேன்.
மறுபடி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி:
சூப்பர்வைசர் தகட்டைக் கழற்றச் சொன்னார்.
கம்பெனி அதைத் திருப்பி மாட்டவில்லை.
அஞ்சலாட்சி இரண்டு விரல்களை இழந்தாள்.
எண்ணிக்கைக்கு நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

'நாங்கள்' மேலேயே கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
வெளியே ஆற்காடு போகும் ஷிப்ட் பஸ் இரண்டாவது ஹாரன் அடிக்கிறது.
'நான்' என்று மாற்ற ஒரு தட்டு போதும்.
இங்கிலீஷில் அது ஒரே ஓர் எழுத்து,
எந்த வாக்கியத்தில் எங்கே வந்தாலும்
பெரிய எழுத்து.