மூச்சு வாங்குதல்

க்ரிம்ஸ்பி துறைமுகத்தில்
மீனுக்குப் புகை போடும் கொட்டகையில் எனக்கு வேலை.
ஹேடாக்கைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு
கீழே மரத்தூளைக் கொளுத்துவோம்.
விடிவதற்குள் பொன் நிறமாகிவிடும்.
ஆகவே, உன் மூச்சில் புகை இருக்கிறது என்று
மருத்துவச்சி பிலிப்பா சொன்னபோது
அது மீன்புகை என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
ஒரு குழாயை நீட்டி, மூச்சை அடக்கு,
பதினைந்து எண்ணு, இப்போது ஊது என்றாள்.
கருவியில் பதினேழு.
மீன் இவ்வளவு இழுக்காது, கோர்ட்னி.

அப்போது பதினெட்டாம் வாரம்.
தோளில் ஒட்டிய பட்டை அரித்தது.
சூயிங்கம் குமட்டியது.
அறிவுரை அதைவிட.

கடைசியில், ஆசை வரும்போது
பத்து நிமிடம் நடந்து பாரேன் என்றாள்.
வேகமாக, ஆனால் பேச முடிகிற வேகத்தில்.
பலிக்குமா?
சத்தியம் செய்ய மாட்டேன்.
சிலருக்கு அடங்குகிறது,
சிலருக்கு நடை மட்டும் மிஞ்சுகிறது.
அந்தப் பதில்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.
நிச்சயம் பலிக்கும் என்றிருந்தால்
வாசலிலேயே பற்றவைத்திருப்பேன்.

ஆசை உடம்பில் எங்கே வரும் என்று
யாரும் சரியாகச் சொன்னதில்லை.
எனக்கு அது விரலிடுக்கில் வரும்.
இரவு இரண்டரை மணி இடைவேளை,
குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் நான்கு நெருப்புப் பொட்டுகள்.
அதில் ஒன்று கெய்னர்,
எனக்கென்று பாதி மிச்சம் வைப்பவள்.
நான் பனிக்கட்டிக் கிடங்கைச் சுற்றினேன்,
ரப்பர் பூட்ஸ் ஈரத் தரையை அறைய அறைய.
மூன்றாவது சுற்றில்
விரல்கள் எதற்கு வந்தோம் என்பதை மறந்து
இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டன.

ஞாயிறுகளில் க்ளீதோர்ப்ஸ் கடற்கரை.
கடல் அங்கே பெரும்பாலும் எங்கோ வேலைக்குப் போயிருக்கும்;
சேறுதான் வீட்டில் இருக்கும்.
ஒரு விளக்குக் கம்பம், அடுத்த விளக்குக் கம்பம்.
பின்னால் டீன் வருவான்,
திருடிய குருவிக்குஞ்சைப் பொத்துவதுபோல்
சட்டைப்பையில் பெட்டியை அமுக்கியபடி.

இருபத்து மூன்றாம் நாள் அவனுக்கு வேலை போனது.
அன்று ஒன்றரை சிகரெட்.
நடந்துகொண்டேதான் புகைத்தேன்,
ஒன்றிலிருந்து ஒன்று கழிந்துவிடும் என்ற கணக்கில்.
கழியவில்லை.
ரயில் தண்டவாளத்துக்கு மேலான நடைபாலத்தில்
பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
வாந்தி எடுத்தேன்.
கீழே ஒரு சரக்கு ரயில்
மரியாதை கருதியோ என்னவோ
மிக மெதுவாகப் போனது.

பிலிப்பாவிடம் சொன்னேன்.
ஒன்றரைதானே என்று அவள் சொல்லியிருக்கலாம்.
அடடா என்றும் சொல்லியிருக்கலாம்.
மறுபடி எப்போது நடந்தாய் என்று மட்டும் கேட்டாள்.
மறுநாள் என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

இப்போது முப்பத்தோராம் வாரம்.
ஷூ கயிறு எனக்கு எட்டுவதில்லை,
கெய்னர்தான் குனிந்து கட்டிவிடுகிறாள்.
சில நாள் அவளும் கூட வருகிறாள்,
காற்று என்னைத் தாண்டிப் போகிற பக்கமாக,
தன் சிகரெட்டோடு,
புகை கடலுக்குப் போகும்படி முகத்தைத் திருப்பி.
விட்டுவிடு என்று நான் கேட்டதில்லை.
எனக்குப் பாதி மிச்சம் வைப்பதை மட்டும்
அவளாகவே விட்டுவிட்டாள்.

நடந்தால் பிள்ளை தூங்குகிறது.
நின்றால் உதைக்கிறது.
நடைபாலத்தில் நாற்பத்திரண்டு படிகள்.
ஒரு பெட்டிக்குப் பதினைந்து பவுண்டு கொடுத்தவள்
அங்கே உச்சியில் நின்று
காசில்லாமல் மூச்சு வாங்குகிறேன்.

நேற்று கருவியில் மூன்று.
தலைமுடியில் இன்னும் புகை வாசம், என்றாள் பிலிப்பா.
அது மீன் என்றேன்.
இந்த முறை சிரித்தாள்.

வெளியே வந்ததும் விரலிடுக்கு அரித்தது.
பேருந்துக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.
அடுத்த நிறுத்தம் வரை நடந்தேன்.