பதினாறு கோர் கேட்டவளுக்கு

ஹவல்லி, இப்னு கல்தூன் தெரு.
ஆகஸ்ட் மாதம், பகல் இரண்டரை.
கடைக்கண்ணாடி வெளிப்பக்கம் தோசைக்கல்,
உள்பக்கம் என் கால்விரல் மரத்துப்போகும் ஏசி.
காரை இரண்டாம் வரிசையில் போட்டுவிட்டு
அவசரமாய் நுழைந்தாய், தலால்.
"கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர். பதினாறு கோர்.
விலை பிரச்சினையில்லை."

அந்தக் கடைசிச் சொல்
உள்ளறையில் தூங்கிய முதலாளியை எழுப்பிவிட்டது.
பதினாறு விற்றால் எனக்குப் பதினைந்து தினார்.
ஆறு விற்றால் நாலு.

ஆனாலும் வாய் நிற்கவில்லை.
என் உடைந்த அரபியில், பாதி கையால் சொன்னேன்:
சாலையில் குழி தோண்டுவதைப் பார்த்திருப்பாயே.
குழிக்குள் ஒருத்தன்.
கரையில் ஏழு பேர், மஞ்சள் சட்டையோடு.
குழி அகலம் ஒரு ஆள்.
இன்னும் எட்டுப் பேரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும்
ஆழம் ஒரு முழம் கூடாது.
பல ஆட்டங்கள் அப்படித்தான் எழுதப்பட்டவை.
ஒரு கோர் வேர்த்துக் கொட்டும்,
மற்றவை வேடிக்கை பார்க்கும்.
மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடு.

இன்னொரு உவமையும் கைவசம் இருந்தது.
ஜலீப்பில் என் அறை.
எட்டுக் கட்டில், ஒரு குளியலறை.
காலை நாலரைக்கு எட்டு வாளியும் வரிசையில் நிற்கும்.
ஐந்தேகால் பஸ்ஸுக்கு
அப்பல ராஜு பாதி சோப்போடு ஓடுவான்.
ஒன்பதாவது கட்டில் போட்டால்
நீள்வது வரிசை மட்டும்.
அதை உன்னிடம் சொல்லவில்லை.
வியாபாரத்தில் நாறும் உவமை ஆகாது.

நீ சிரித்தாய்.
"நான் சுடுவதில்லை. நகரம் கட்டுகிறேன்."
போனைத் திருப்பிக் காட்டினாய்.
பாலங்கள், வட்டச்சாலைகள், கடல்மேல் ஒரு ரயில்.
ஜனத்தொகை இரண்டு லட்சத்துப் பதினோராயிரம்.
"காலையில் எல்லாரும் வேலைக்குக் கிளம்பும்போது
நகரமே உறைந்துபோகிறது."

அடடா.
இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

பெரிய மெஷினில் உன் நகரத்தை ஏற்றினேன்.
பக்கத்துத் திரையில் பதினாறு கட்டங்கள்.
அங்கே விடிந்தது.
கட்டங்கள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன,
யாருக்கு எந்தப் பாலம், எந்த பஸ்,
எந்தச் சிக்னலில் எத்தனை நொடி என்று
ஆளுக்கொரு கணக்கைப் பங்குபோட்டுக்கொண்டு.
காற்றாடி இரைந்தது. கார்கள் நகர்ந்தன.
இந்த வேலைக்கு வேண்டும்தான்.
(அப்போதும் முதல் கட்டம்தான் நூறில் முட்டிக்கொண்டு
மற்றவை கொடுத்ததை வாங்கி அடுக்கியது.
எந்த வீட்டிலும் ஒருத்தருக்கு விடிவில்லை.)

சோதனைக்காக ஒரு பொம்மை மனிதனைச் சொடுக்கினேன்.
பெயர் இருந்தது. வேலை, துறைமுகம்.
வீடு, நாலாம் மாடி. குடியிருப்போர், ஒருவர்.
இன்னொருத்தன். அவனுக்கும் ஒரு வீடு.
"ஒரு அறையில் எட்டுப் பேரை வைக்க முடியாதா?"
வாய்தவறித்தான் கேட்டேன்.
"முடியாது," என்றாய், விதியைச் சொல்லும் குரலில்.
"வீடு கிடைக்காவிட்டால் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள்."

முதலாளி பில் போட்டார்.
டிக்கியில் பெட்டியை நானே ஏற்றினேன்.
மூடியின் தகடு கையைச் சுட்டது.

இரவு.
காசிம் பிச்சை மேல்கட்டிலில்
இரண்டு கோர் லேப்டாப்பில் கிரிக்கெட் ஆடுகிறான்.
பந்து விட்டுவிட்டு வருகிறது.
அந்த இடைவெளியில்தான் அடிக்கவே நேரம் கிடைக்கிறதாம்.
"இன்னைக்கு என்ன வித்தே?"
"நகரம்."
"கமிஷன்?"
"பதினஞ்சு."
ஜெயசீலன் போர்வைக்குள்ளிருந்து சொன்னான்:
ஹாரிஸிடம் பேசி, படிக்கட்டுக்கு அடியில்
இன்னொரு குழாய் வைக்கச் சொல்லு.
எவ்வளவு கேட்பான் என்று
விளக்கை அணைத்த பிறகும்
ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.