தலைமுழுக்கு

செந்தூலில் ஆறு நாளாய்த் தண்ணீர் இல்லை.
மேலே எங்கோ ஆற்றில்
யாரோ எதையோ கொட்டிவிட்டார்களாம்.
டயர் கடை மாடியில் எங்கள் சபை;
ஞானஸ்நானத் தொட்டிக்குள் இப்போது
மடக்கு நாற்காலிகள், ரிப்பேர் ஆன ஒரு காற்றாடி.

செவ்வாய் இரவு எட்டு மணிக்கு வகுப்பு.
பூச்சோங்கிலிருந்து மோட்டாரில் வரும் தயாளினி,
கிராப் ஓட்டும் குணராஜ்,
வாயே திறக்காத ஒரு பையன், நான்.
போதகர் ஜோயலுக்கு என்னைவிடப் பதினேழு வயது குறைவு.
அண்ணே என்பார்.
பிறகு திருத்திக்கொண்டு, சகோதரர்.

எனக்கு டோபிக் கடையில் வேலை.
ஹோட்டல் விரிப்புகள், தினம் நானூறு கிலோ.
ஆகவே முதல் வாரமே கேட்டேன்:
கறை போகுமா?

கழுவுறது மட்டுமில்லண்ணே, என்றார்,
இது அடக்கம்.
உள்ளே போறவர் திரும்பி வர்றதில்லை.
எழுந்து வர்றது வேற ஆள்.

எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம்.
மஞ்சள், ரத்தம், மீன்குழம்பு,
எது போகும், எது மங்கிப்போய்
துணியோடு துணியாக நிற்கும் என்று
இருபது வருஷமாகப் பார்க்கிறவன்.
வெளுப்பதென்றால் நான் தேறமாட்டேன்.
புதைப்பதென்றால் ஒருவேளை.

வீட்டில் சொன்னேன்.
அம்மா மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.
"அப்ப எங்களத் தலைமுழுகப் போறே."

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
இழவு வீட்டிலிருந்து வந்தால் முழுகுகிறோம்.
ஒருவனை வேண்டாமென்றால் தலைமுழுகிவிட்டேன் என்கிறோம்.
வயிற்றில் உயிர் தங்கினால்
அவள் முழுகாமல் இருக்கிறாள்.
சாவு, வெட்டிக்கொள்வது, பிறப்பு
எல்லாம் ஒரே தொட்டியில்.
ஜோயலிடம் இதைச் சொன்னபோது
பேனா தேடி எழுதிக்கொண்டார்.

அம்மா அதோடு விடவில்லை.
"எனக்குக் கொள்ளி யாரு வைப்பா?"

தம்பி ஜொகூரில்.
விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய்
இருட்டிய பிறகு திரும்புகிறவன்.
மூத்தவன் நான்தான்.

நோட்டில் அது பதினோராவது கேள்வி.
பத்தாவது: பயத்தில் பாதியில் எழுந்துவிட்டால் செல்லுமா?
பன்னிரண்டாவது: வேண்டாம் என்று முடிவானால்
செவ்வாய்க்கிழமை நான் வரலாமா?

பத்தைக் கேட்டுச் சிரித்தார்.
பன்னிரண்டுக்கு, தாராளமா.
பதினொன்றுக்கு ஒரு நாற்காலியை விரித்தார், மடக்கினார்.
"ஜோயல் நானே எழுதிக்கிட்ட பேரு.
எங்க அப்பாவுக்கு நான் வைக்கல.
சரியா தப்பான்னு இன்னைக்கும் சொல்லத் தெரியல."
தயாளினி காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்தப் பதிலுக்காகத்தான்
அடுத்த வாரமும் போனேன்.

படிவத்தில் ஐசி எண் எழுதிவிட்டேன்.
புதிய பெயர், விரும்பினால், என்று ஒரு கோடு.
மாரித்துரை.
அம்மனுக்கு நேர்ந்து வைத்த பெயர்.
மாரி என்றால் மழையும்தானே,
அதை எங்கே கொண்டுபோய் நனைப்பது?
கோட்டை அப்படியே விட்டேன்.
தேதியையும்.

ஏழாம் நாள் விடியற்காலை மூன்று மணி.
சமையலறைக் குழாய் இருமியது.
நான் போவதற்குள் அம்மா அங்கே நின்றாள்.
காற்று, பிறகு சேறு,
பிறகு டீ நிறத்தில் நூலாக ஒரு தண்ணீர்.
மூட வேண்டாம், ஓடட்டும் என்று கை காட்டினாள்.
வாளியைக் காலால் தள்ளிவைத்தாள்.

வெகுநேரம் கழித்து,
குழாயைப் பார்த்தபடி:

"எம்புட்டு நேரம் அமுக்கி வைப்பாங்க?"

"ஒரு மூச்சும்மா. அதுகூட இல்ல."

தண்ணீர் வெளுத்துக்கொண்டு வந்தது.
விரலை நீட்டிப் பார்த்தாள்.

"தலை துவட்டத் துண்டு குடுப்பாங்களா?"

கேட்டதில்லை.
நோட்டை எடுத்தேன். பதிமூன்று.