இதர

நலிந்த கலைஞர் உதவித்தொகைப் படிவம்.
'நலிந்த' என்பதை அடித்துவிடலாமா என்று கேட்டேன்.
அச்சடித்தது, அடிக்கக் கூடாது என்றார் எழுத்தர்.
சேலம் கலெக்டர் ஆபீசில்
மின்விசிறி அவர் பக்கம் மட்டும் சுற்றியது.

பெயர் கேஸ்பர் செல்வநாதன். வயது அறுபத்தாறு.
கலை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
ஜாஸ் என்றேன்.
கரகம், காவடி, பம்பை, பொய்க்கால் குதிரை
என்று விரல் இறங்கிப் போய்
"நாதஸ்வரம்னு போட்டுக்கவாம்மா?
அதுவும் ஊதுறதுதானே?"

குரு?
சூரமங்கலம் ரயில்வே காலனியில்
பெர்த்துக்குப் போகக் கட்டிலும் பீரோவும் விற்ற
கூட்ஸ் கார்டு டெரன்ஸ்
முந்நூறு ரூபாய்க்கு சாக்ஸபோனையும் விற்றார்.
மூன்று இசைத்தட்டு சும்மா தந்தார்.
தட்டின் ஓரம் கட்டைவிரல் வைத்து
சுழற்சியைத் தடுத்துத் தடுத்து
ஒவ்வொரு சுரமாய்ப் பிடுங்கினார் இவர்.
மெதுவாக்கினால் சுருதி இறங்கும் என்று
யாரும் சொல்லவில்லை.
எல்லாவற்றையும் இறங்கிய சுருதியிலேயே கற்றார்.
ஆக, குரு கட்டைவிரல்.
எழுத்தர் 'சுயம்' என்று எழுதினார்.

மேடை அனுபவம்?
ஏற்காட்டில் ஏரி பார்த்த ஓட்டல், பதினோரு கோடை.
தேனிலவுக்காரர்கள் கேட்ட சினிமாப் பாட்டுகள்.
இரண்டாம் சரணம் முடிந்ததும்
வழி தவறினவர் போல எங்கோ போவார்,
ஒரு நிமிஷம், போனால் ஒன்றரை,
பிறகு பல்லவிக்குத் திரும்பி வருவார்.
அந்த நிமிஷம்தான் ஜாஸ்.
ஜவ்வரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதியவள் நான்,
கூட்டிப் பார்த்திருக்கிறேன்.
ராத்திரிக்கு நாலு நிமிஷம், கோடைக்கு ஐம்பது ராத்திரி.
மொத்தம் முப்பத்தாறு மணி நாற்பது நிமிஷம்.
படிவத்தில் 'வருடங்களில்' என்று கேட்டிருந்தது.

மலையில் பனி இறங்கினால் ஒரு சாவி ஒட்டிக்கொள்ளும்.
சுருதி கீழே போகும்.
மே மாதம் அம்மாபேட்டை மண்டபத்து ரிசப்ஷனில்
பித்தளை காய்ந்து சுருதி மேலே ஏறும்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
காப்பி மூட்டை லாரியில் இறங்கி வருவார்,
காது அடைத்தபடி, நான் திட்டுவது கேட்காமல்.

ஒரு சினிமாவிலும் உண்டு, பதினான்கு விநாடி.
வில்லன் கிளாஸில் ஐஸ் போடும்போது.
கதாநாயகிக்கு வயலின், அம்மாவுக்கு வீணை,
கெட்டுப்போகிறவர்களுக்கு இவர்.
சம்பளம் நூற்றிருபது.
பேர் போடவில்லை. நாலு தடவை பார்த்தோம்.

மகளுக்கு டைபாய்டு வந்தபோது
செவ்வாய்ப்பேட்டையில் அதை அடகு வைத்தது நான்தான்.
சொல்லாமல் எடுத்துப் போனேன்.
கேட்கவும் இல்லை அவர்.
மீட்கும்வரை இரண்டு மாதம்
தூக்கத்தில் என் முன்கையில் விரல்கள் ஓடின.
என்ன பாட்டென்று இன்றுவரை
நானும் கேட்கவில்லை.

ஆதாரம் வேண்டுமே என்றார்.
கோடை விழாப் புகைப்படம் கொடுத்தேன்:
கன்னம் உப்பி, கண் மூடி, கழுத்து நரம்பு தெறித்து.
"ஆதார் கார்டுல இருக்கிறவர் மாதிரி இல்லையே?"
இல்லைதான்.

கடைசியில் வரிசை எண் பதினேழு: இதர.
முத்திரை குத்திக்கொண்டே சொன்னார்,
"வருஷா வருஷம் உயிரோட இருக்கார்னு
சர்டிபிகேட் கொண்டு வரணும்."

வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுத்தேன்,
வழக்கம்போல் டம்ளருக்குள் பார்த்துவிட்டு.
சீவாளி ஊறிக்கொண்டிருந்தது.
வேறு டம்ளர் எடுத்தேன்.
கிடைத்துவிடும் என்றேன், மாதம் மூவாயிரம்.
"புது பத்து ரூபாய் நோட்டு இருக்கா?" என்றார்,
கருவியிலிருந்து கண் எடுக்காமல்.

ஒட்டுகிற சாவிக்கு அடியில் நோட்டைச் செருகி
மூடி, அழுத்தி, மெல்ல இழுத்தார்.
மூன்று முறை.
சாவி கிளிக்கென்று திறந்தது.
நோட்டை ஈரத்தோடு திருப்பித் தந்தார்,
ஓரத்தில் வட்டமாய் ஒரு பச்சைக் கறை.

சாயங்காலம் பால்காரருக்குக் கொடுத்தேன்.
திருப்பிப் பார்த்துவிட்டு
பைக்குள் போட்டுக்கொண்டார்.