அடைப்புக்குள் ஒரு ஷார்ப்

பொறையாறு ஜெராக்ஸ் கடையில்
டோனர் தீர்கிற நேரம்.
பதினாறு பிரதியிலும்
மூன்றாம் வரி, ஏழாம் கட்டம்,
எஃப்-க்கு முன்னால் நின்ற நேச்சுரல் மட்டும்
விழவில்லை.

சனிக்கிழமை ஒத்திகை.
தரங்கம்பாடிக் கோயிலுக்குள் கடல் இரைச்சல்.
பேஸ் பாடும் நால்வரும்
வரியின் தலையில் இருந்த ஷார்ப்பை நம்பினார்கள்.
கீபோர்டில் நான் வெறும் எஃப்.
அரைச்சுரம்தான் இடைவெளி,
சோற்றில் கல் கடிபட்டதுபோல் ஆனது.
எப்சிபாய் மின்விசிறியை நிறுத்திவிட்டு
"யாரு?" என்றாள்.

யாரும் இல்லை.
தாளில் இருந்ததைத்தான் பாடினார்கள்.

பாக்கியநாதன் பாசன லஸ்கர்.
வீரசோழன் மதகில் ஷட்டர் இறக்கிய கையோடு
கிரீஸ் வாசமாய்ப் பாட வருகிறவர்.
"விட்டுப்போன இந்தக் குறி
எதுவரைக்கும் செல்லும்?"
கட்டக்கோடு வரைக்கும்.
"அப்புறம் யார் ரத்து பண்றது?"
யாரும் வேண்டாம். கோடு வந்தால் தானே செத்துவிடும்.
"மேல் ஸ்தாயி எஃப்?"
அதற்குச் செல்லாது. எழுதின உயரத்துக்கு மட்டும்.
"எங்க ஆபீஸ்ல
இவ்வளவு தெளிவா ஒரு உத்தரவும் வந்ததில்லீங்க."

ஒரே பென்சில் கைமாறிப் போனது.
சின்னப் பெட்டி,
இடப்பக்கம் மேலே நீண்ட கால்,
வலப்பக்கம் கீழே நீண்ட கால்.
அவர் வரைந்தது மட்டும்
பாதி தூக்கிய மதகுப் பலகை.

ஆனால் அந்த எஃப் ஏழில் நிற்பதில்லை.
ஒரு வளைகோடு அதைக் கட்டி
எட்டுக்குள் இழுத்துப் போகிறது.
கோடு தாண்டியும் நேச்சுரல்தான்,
அந்தச் சுரம் அறுபடாதவரை.
இதைக் கடைமடையில் யாருக்கும்
விளக்க வேண்டியிருக்கவில்லை.
முறை முடிந்து, மதகு இறங்கி,
பூட்டும் போட்ட பிறகு
முன்பே புறப்பட்ட தண்ணீர்
வாய்க்காலில் வந்துகொண்டுதானே இருக்கும்.

அது ஓய்ந்ததும்
எட்டில் இன்னொரு எஃப்.
சட்டப்படி அது ஷார்ப்.
எழுதத் தேவையில்லை.

இரவு கரண்ட் போனபின்
செல்போன் வெளிச்சத்தில்
பதினாறு தாளிலும் எழுதினேன்,
அடைப்புக்குறிக்குள்
ஒரு சின்ன ஷார்ப்.
விதி கேட்கவில்லை.
படிக்கிறவர் ராத்திரி முழுக்க
தண்ணீர்க்காவல் இருந்துவிட்டு வருவார்
என்று தெரிந்தால்
போடுகிற குறி அது.

ஞாயிறு காலை
நால்வரும் ஏழில் இறங்கினார்கள்,
கோட்டைக் கடந்தார்கள்,
மூச்சு வாங்கி, எட்டில் ஏறினார்கள்.
ஏறும்போது பாக்கியநாதனின் வலக்கை
தொடையோரம்
இல்லாத ஒரு ஷட்டர் சக்கரத்தை
அரைச்சுற்று சுற்றியது.

எப்சிபாய் மட்டும்
ஜெராக்ஸ் கடைக்காரரை
இன்னும் மன்னிக்கவில்லை.